இவ்வளவு தூரம் வந்துட்டு...

இமாசலத்தின் மணாலியில் இருந்து லடாக்கின் லே, அங்கிருந்து நுப்ரா பள்ளத்தாக்கு, பாங்காங் ஏரி. நானும் என் கணவரும் எங்கள் காரிலேயே போய்வந்த படங்களைப் போட்டதில் இருந்து உள்பெட்டியில் ஒரே கேள்விகள். எத்தனை நாள் ஆச்சு, என்ன வண்டி, எங்கே தங்கினீர்கள். முடிந்தவரை பதில் சொல்லிவிட்டேன். யாரும் கேட்காத ஒன்றை இங்கே எழுதுகிறேன். அந்தப் பாதையில் ஜோடியாகப் போகிறவர்கள் வண்டியை எடுப்பதற்கு முன்பே தங்களுக்குள் பேசி முடிக்க வேண்டிய விஷயம் அது.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் ஒரு முடிவு எடுத்தோம். வழியில் எங்கேயாவது இருவரில் ஒருவர் "போதும், திரும்பலாம்" என்று சொன்னால் அதோடு சரி. காரணம் கேட்கக் கூடாது, விவாதம் கூடாது, பிற்பாடு குத்திக் காட்டவும் கூடாது. "இவ்வளவு தூரம் வந்துட்டு திரும்பறதா" என்ற வார்த்தை வாயில் வரவே கூடாது என்று தனியாகச் சேர்த்துக்கொண்டோம். சொல்லும்போது சுலபமாக இருந்தது. பத்து நாளில் இரண்டு முறை அதைக் கடைப்பிடிக்க நேர்ந்தபோதுதான் அதன் கனம் தெரிந்தது.

முதல் முறை சர்ச்சுவில்.

மணாலி சுமார் 2,050 மீட்டர் உயரம். முன்பெல்லாம் அங்கிருந்து ரோதாங் கணவாயில் ஏறி இறங்க வேண்டும். 2020 அக்டோபரில் திறந்த அடல் சுரங்கப்பாதை, 9 கி.மீ. நீளம், நேராக லாஹௌல் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுகிறது. இந்தப் பக்கம் தேவதாரும் மழையும். அந்தப் பக்கம் வெளியே வந்ததும் மரங்கள் குறைய ஆரம்பிக்கும், போகப் போக வெறும் பாறை. தெற்கிலிருந்து வரும் பருவமழை மேகங்களை இமயம் மறித்துவிடுவதால் லேயில் வருடம் முழுக்கப் பெய்வதே ஏறக்குறைய 100 மில்லிமீட்டர்தான். பனி மூடிய சிகரமும் மணல்வெளியும் ஒரே சன்னலில் தெரியும். பாலைவனம் என்றால் கொதிக்க வேண்டும் என்று நினைத்திருந்த எனக்கு, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பாலைவனத்தைப் பார்ப்பதே புதிதாக இருந்தது.

தாண்டி என்ற ஊரில் ஒரு பெட்ரோல் பங்க். அடுத்த பங்க் 365 கி.மீ. தள்ளி என்று அங்கே வைத்திருக்கும் பலகையின் பக்கத்தில் நின்று எல்லோரும் படம் எடுக்கிறார்கள், நாங்களும் எடுத்தோம். டேங்கை நிரப்பி, ஒரு கேனிலும் வாங்கிக்கொண்டு 3,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஜிஸ்பாவில் இரவு தங்கினோம். மறுநாள் சர்ச்சுவில் கூடாரம் பதிவு செய்திருந்தோம். சர்ச்சு ஏறத்தாழ 4,290 மீட்டர். ஒரே நாளில், தூங்கும் இடம் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்கிறது. 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்ட வேண்டாம் என்பதுதான் மருத்துவர்கள் சொல்லும் பொதுவான அளவு. நாங்கள் அதைப் படித்திருந்தோம். படித்தும், பலரும் இப்படித்தானே போகிறார்கள் என்று பதிவு செய்தோம். தவறு எங்களுடையது.

பாராலாச்சா கணவாயைத் தாண்டும்போதே அவர் பேச்சு குறைந்துவிட்டது. மதியம் சர்ச்சு போய்ச் சேர்ந்ததும் தலைவலி, சாப்பிடப் பிடிக்கவில்லை. "ஒண்ணுமில்லம்மா, தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்றார். அப்புறம் மீதி பெட்ரோல் எத்தனை கிலோமீட்டருக்கு வரும் என்று கேட்டேன். இந்த மாதிரிக் கணக்குகளை மனசிலேயே போட்டு, நான் போனைத் திறப்பதற்குள் விடை சொல்லிவிடுகிற மனிதர். அன்றைக்கு யோசித்தார், நிறுத்தினார், மறுபடியும் முதலில் இருந்து ஆரம்பித்தார். மூளைக்கு ஆக்சிஜன் போதவில்லையோ என்று என் வயிறு கலங்கியது.

அங்கே காற்றில் ஆக்சிஜன் விகிதம் குறைவதில்லை, அதே 21 சதவீதம்தான். காற்றின் அழுத்தம்தான் குறைகிறது. சர்ச்சு உயரத்தில் ஒரு மூச்சில் உடம்புக்குக் கிடைப்பது கடல் மட்டத்தில் கிடைப்பதில் கிட்டத்தட்ட ஐந்தில் மூன்று பங்கு. தூக்கத்தில் மூச்சு மெதுவாவதால் இன்னும் குறையும். அதனால் "தூங்கினால் சரியாகும்" என்பது எப்போதும் நடக்காது, தூக்கத்தில் மோசமாவதும் உண்டு. தலைவலி மாத்திரை போட்டால் வலி அடங்கும், காரணம் அப்படியே இருக்கும். கடைகளில் விற்கும் சின்ன ஆக்சிஜன் டப்பா சில நிமிடங்களில் தீர்ந்துவிடும், அதை நம்பி மேலே ஏறுவது ஆபத்து. கீழே இறங்குவதுதான் நம்பகமான மருந்து.

சர்ச்சுவில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அது கிண்ணத்தின் அடி மாதிரி. லே பக்கம் போனால் 5,000 மீட்டரைத் தாண்டும் கணவாய்கள், திரும்பி வந்தால் 4,800 மீட்டருக்கும் மேல் உள்ள பாராலாச்சா. எந்தப் பக்கம் போனாலும் முதலில் ஏறித்தான் இறங்க வேண்டும். இரவில் உடம்பு மோசமானால் அந்த இருட்டில் கணவாய் ஏற முடியுமா? அவர் தன் காலால் நடந்து வண்டியில் ஏறும் நிலையில் இருக்கும்போதே கிளம்ப வேண்டும். "போதுங்க, திரும்பலாம்" என்றேன்.

அவர் முகத்தை நான் மறக்க மாட்டேன். ஒரு வருடம் திட்டமிட்ட பயணம். கோபம் இல்லை, ஒரு குழந்தையின் கையில் இருந்து எதையோ பிடுங்கியது போல இருந்தது. ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை. சாவியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நம் வீடுகளில் மனைவிக்கு ஓட்டத் தெரிந்திருந்தாலும் நெடும்பயணம் என்றால் ஸ்டியரிங் கணவனிடம்தான். அவள் பாட்டு மாற்ற, பழம் நறுக்கிக் கொடுக்க, தூங்காமல் பேச்சுக் கொடுக்க. சமவெளியில் அது வெறும் பழக்கம், மலையில் அது ஆபத்து. ஓட்டுகிறவருக்கு உடம்பு முடியாமல் போனால் வண்டியே முடங்கிவிடும். நான் மணாலியில் இருந்தே பாதிப் பாதியாக ஓட்டி வந்ததால்தான் அன்றைக்கு என் கை நடுங்கவில்லை. இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இராமல் இரண்டாம் கியரில் இன்ஜினே வண்டியைப் பிடிக்க விடுவது, ஏறி வரும் வண்டிக்கு நின்று வழிவிடுவது, இதெல்லாம் முந்தின நாள் கற்றவை. ஜோடியாகப் போகும் பெண்களிடம் ஒரு வேண்டுகோள்: போவதற்கு முன் ஏதாவது ஒரு மலைப் பாதையில் நீங்களும் ஓட்டிப் பழகுங்கள். "நீ எதுக்கு, நான் பாத்துக்கறேன்" என்பதை அன்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மாலைக்குள் ஜிஸ்பா வந்துவிட்டோம். இரவு அவர் சாப்பிட்டார். காலையில் பெட்ரோல் கணக்கை அவரே எடுத்துச் சரியாகச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இரண்டு நாள் அங்கேயே இருந்தோம். தாண்டிக்குப் போய் மறுபடி டேங்க் நிரப்பினோம். ஆற்றங்கரையில் நடந்தோம். சர்ச்சு கூடாரத்துக்குக் கட்டிய பணம் போனதுதான், போகட்டும். மூன்றாம் நாள் விடியும் முன் கிளம்பி, நடுவில் எங்கும் இரவு தங்காமல் ஒரே மூச்சில் லே. நீண்ட நாள்தான், ஆனால் உயரத்தில் தூங்காமல் கடந்துவிடலாம். பழகின உடம்பு, அவருக்கு லேசான தலைபாரத்தோடு போய்விட்டது.

கட்டா லூப்ஸில் 21 கொண்டை ஊசி வளைவுகள். எங்கள் வண்டி டர்போ இல்லாத பெட்ரோல் வண்டி, அந்த ஏற்றத்தில் அதற்கும் மூச்சு வாங்கியது. அங்கே சாலையோரம் ஒரு சின்ன சமாதி போல இருக்கிறது, சுற்றிலும் தண்ணீர் பாட்டில்கள் குவிந்து கிடக்கின்றன. பனிக்காலம் தொடங்கும் நேரத்தில் அங்கே ஒரு லாரி பழுதாகி நின்றதாம். டிரைவர் உதவி தேடிப் போயிருக்கிறார், கிளீனர் வண்டிக்குக் காவல். டிரைவர் திரும்புவதற்குள் தாகத்திலும் குளிரிலும் கிளீனர் இறந்துபோனார் என்று சொல்கிறார்கள். அந்த வழியே போகிற லாரிக்காரர்கள் இன்றும் தண்ணீர் வைக்கிறார்கள். வாய்வழிக் கதைதான், உண்மை எவ்வளவோ. ஆனால் ஒரு வண்டியில் போன இரண்டு பேரில் ஒருவர் மட்டும் மிஞ்சிய கதையை அந்த இடத்தில் நின்று கேட்டபோது, அவர் என் கையைப் பிடித்தவர் அடுத்த ஐந்தாறு வளைவுவரை விடவில்லை. (ஓட்டியது அவர்தான், இரண்டு கையும் வேணும் என்று நான்தான் விடுவித்தேன்.)

மோரே சமவெளி நாற்பது கிலோமீட்டர். இருபக்கமும் மண்நிற மலை, நடுவில் நூல் பிடித்தது போலச் சாலை, மேய்ச்சல் ஆடுகள், அப்புறம் ஒன்றுமே இல்லை. அந்த வெட்டவெளியில் நாங்கள் ஒரு மணி நேரத்துக்குப் பேசிக்கொள்ளவில்லை, பேசத் தேவைப்படவும் இல்லை. சங்கப் பாட்டில் பாலை என்றால் நமக்குப் பிரிவுதான் ஞாபகம் வரும். பொருள் தேடிப் போகிறவன், காத்திருக்கிறவள். ஆனால் காதலனோடு அவள் வீட்டை விட்டுக் கிளம்பும் உடன்போக்கும் பாலைத் திணைதான். அவன் பின்னால் அவளும் அதே பரல்கல் வழியில் நடந்திருக்கிறாள். அவளைக் கேட்டுத்தான் நடையின் வேகத்தைக் குறைத்திருப்பான் என்று எனக்குத் தோன்றியது.

தங்லாங் லா கணவாய் 5,328 மீட்டர். இறங்கி ஒரு படம், ஐந்து நிமிடம், கிளம்பிவிட்டோம். உப்ஷியில் சிந்து நதியைப் பார்த்தோம்.

இரண்டாவது முறை திரும்பச் சொன்னது அவர், வேண்டாம் என்று நினைத்தது நான்.

நுப்ராவில் ஹுண்டர் மணல்மேடுகளையும் இரட்டைத் திமில் ஒட்டகங்களையும் பார்த்துவிட்டு, ஷியோக் நதியோரப் பாதையில் பாங்காங் போவதாக இருந்தோம். மதியம் மூன்று மணி இருக்கும். சாலையின் குறுக்கே ஒரு நாலா, மலையில் இருந்து இறங்கும் ஓடை. இவற்றுக்கு மழையே வேண்டாம். வெயில் ஏற ஏற மேலே பனி உருகும், அந்தத் தண்ணீர் கீழே வந்து சேரும்போது பிற்பகல். காலையில் கணுக்கால் நனையும் ஓடை சாயங்காலம் கற்களை உருட்டிக்கொண்டு வரும். எங்கள் கண்ணெதிரே ஒரு லாரி கடந்து போனது. எனக்குத் தைரியம் வந்துவிட்டது. பாங்காங்கின் மாலை வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை வேறு. அவர் கரையில் நின்று கலங்கல் நீரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "போதும்மா" என்றார்.

"இவ்வளவு தூரம்" என்பது வரை என் தொண்டைக்கு வந்துவிட்டது. லாரியின் எடையும் உயரமும் எங்கள் காருக்கு இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வந்தது. செலவழித்த பணம், எடுத்த விடுப்பு, கடந்து வந்த கணவாய்கள் எல்லாம் சேர்ந்து பின்னால் நின்று தள்ளும். முன்னால் இருக்கும் தண்ணீருக்கு நாம் எவ்வளவு தூரம் வந்தோம் என்ற கணக்கு எதுவும் கிடையாது. சாவி என்னிடம் இருந்தது. வண்டியைத் திருப்பினேன்.

திஸ்கித்தில் தங்கி, விடியற்காலையில் மறுபடி வந்தோம். அதே இடத்தில் தெளிந்த தண்ணீர், டயர் பாதிகூட நனையவில்லை. அவர் இறங்கி முன்னால் நடந்து கல் பார்த்துக் கை காட்ட, நான் முதல் கியரில் நிறுத்தாமல் கடந்தேன். பாங்காங் காலை வெளிச்சத்தில் கிடைத்தது.

ஏன் இப்படிக் காரணமே கேட்காத ஏற்பாடு, பேசி முடிவெடுக்கலாமே என்று ஒரு தோழி கேட்டாள். பேசலாம், கீழே. மேலே காற்று குறையும்போது முதலில் மங்குவதில் நிதானமும் ஒன்று. தனக்கு முடியவில்லை என்பதை முடியாதவரே கடைசியாக உணர்கிறார். ஆண்கள் தலைவலியை மறைக்கிறார்கள். பெண்கள் பயத்தை மறைக்கிறோம், "இவளைக் கூட்டிட்டுப் போனா இப்படித்தான்" என்ற பேச்சு வருமே என்று. இருவரும் மறைத்துக்கொண்டு ஒரே வண்டியில் 5,000 மீட்டருக்கு ஏறுவதை நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது.

போகிறவர்களுக்கு இன்னும் சில. மற்ற மாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு கொண்டுபோங்கள். லேக்கு விமானத்தில் போகிறவர்கள் முதல் இரண்டு நாள் ஊர் சுற்றாமல் ஓய்வெடுங்கள். உயரத்தால் வரும் உபாதையைத் தடுக்கக் கொடுக்கும் டயமாக்ஸ் மாத்திரை பற்றி உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள், சல்ஃபா மருந்துகளுக்கு ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். எந்த ஓடையையும் காலையிலேயே கடந்துவிடுங்கள். திட்டத்தில் இரண்டு நாளைக் காலியாக விடுங்கள். எங்களுக்கு அந்த இரண்டு நாளும் ஜிஸ்பாவில் செலவானது. அந்த ஆற்றங்கரையில் ஒரு மத்தியானம் அவர் என் மடியில் தலைவைத்துத் தூங்கினார், நான் அவர் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். இத்தனை படம் போட்டேன், அதை மட்டும் எடுக்கவில்லை.