லேப் சாவி யார்கிட்ட இருக்கு?

காந்திபுரத்திலிருந்து வீட்டுக்கு வருகிற வழியில் ஒரு ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். கறுப்பு முக்காடு போட்ட ஒருவன், முகம் தெரியாது, பின்னால் பச்சைப் பச்சையாக எழுத்துகள் மழை மாதிரி கொட்டுகின்றன. "சைபர் செக்யூரிட்டி பட்டப்படிப்பு, அட்மிஷன் நடைபெறுகிறது." ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தால் போதும், மாம்பழத்தோடு சேர்ந்து இந்த முக்காட்டுக்காரனும் சீசனுக்கு வந்துவிடுகிறான்.

பதினாறு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஒருநாள்கூட முக்காடு போட்டதில்லை. சர்வர் ரூம் ஏசி குளிருக்கு ஸ்வெட்டர் போட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

போன வாரம் சித்தப்பா கூப்பிட்டார். "ஏங் கண்ணு, தம்பிக்கு இந்த சைபர் செக்யூரிட்டியே வாங்கிப் போட்டுரலாமா? அதுதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கறான்." பாடத்திட்டத்தை அனுப்பச் சொன்னேன். வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் வந்தது. மூன்று வருடம், ஆறு செமஸ்டர். முதல் செமஸ்டரிலேயே எத்திக்கல் ஹேக்கிங். இரண்டாவதில் டிஜிட்டல் தடயவியல். கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ் எங்கே என்று தேடினால், நாலாவது செமஸ்டரில் விருப்பப் பாடம். இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாமாம். அதாவது பையன் நினைத்தால் நெட்வொர்க்கே படிக்காமல், நெட்வொர்க்கைக் காப்பாற்றுகிற பட்டத்தை வாங்கிவிட்டு வெளியே வந்துவிடலாம்.

அந்தக் கோபத்தில்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். இந்த வருடம் பிள்ளையைக் காலேஜில் சேர்க்கிறவர்கள் பொறுமையாகப் படியுங்கள், மற்றவர்கள் லைக் போட்டுவிட்டுத் தாண்டிப் போகலாம்.

வெளிநாட்டுக் காலேஜ்கள் சிலவற்றில் இதற்கு "நெட்வொர்க் அட்மினிஸ்ட்ரேஷன் அண்ட் செக்யூரிட்டி" என்று பெயர் வைத்திருப்பார்கள். நம் ஊரில் முன்பாதியைக் கழற்றிவிட்டு பின்பாதியை மட்டும் விற்கிறார்கள். அட்மினிஸ்ட்ரேஷன் என்பது நெட்வொர்க்கை அமைத்து ஒழுங்காக ஓட்டுகிற வேலை, இவர்களுக்கு அது ஃபைல் தூக்குகிற வேலை மாதிரி தெரிகிறது போல. ஃப்ளெக்ஸில் போட ஒரு படமும் கிடைக்காது. ஆனால் சம்பளம் வருவது அந்த முன்பாதியில்தான். திருட்டுப் போவதும் அந்த முன்பாதியில் விட்ட ஓட்டையில்தான்.

சும்மா சொல்லவில்லை. 2022 நவம்பர் 23, டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் சர்வர்களை ரான்சம்வேர், அதாவது தரவைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கிற வைரஸ், பூட்டியது. ஓ.பி. சீட்டு, லேப் ரிப்போர்ட், பில் எல்லாம் நாள்கணக்கில் கையால் எழுதினார்கள். ஐந்து சர்வர், ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவு. இது எப்படி நடந்தது என்று நாடாளுமன்றத்தில் கேட்டபோது அரசு சொன்ன முதற்கட்டக் காரணம் என்ன தெரியுமா? நெட்வொர்க்கைச் சரியாகப் பகுதி பிரிக்காமல் விட்டது. டார்க் வெப், ஏஐ, ராக்கெட் என்று எதையும் சொல்லவில்லை. பகுதி பிரிக்கவில்லை.

அப்படிப் பிரிக்கிற பகுதிக்கு எங்கள் பாஷையில் பெயர் விலேன் (VLAN). எல்லா ஒயரும் ஒரே ஸ்விட்சில் (கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கிற பெட்டி) குத்தியிருந்தாலும், பில்லிங் கம்ப்யூட்டர்கள் ஒரு தெரு, சிசிடிவி ஒரு தெரு, வருகிறவர் போகிறவர் பிடிக்கிற வைஃபை ஒரு தெரு என்று பிரித்து, ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்குப் போக ஒரே ஒரு கேட் வைத்து, அங்கே ஆள் நிறுத்துவது. பிரிக்காவிட்டால் வாட்ச்மேன் ரூம் ஜன்னல் வழியாக வந்தவன் நேராகப் பீரோவுக்குப் போய்விடுவான். இது இரண்டாம் வருட லேப் பாடம். ஒரு தெருவின் அளவை /26 என்று போட்டால் 64 முகவரி, அதில் இரண்டு போக 62 மிஷினுக்குக் கொடுக்கலாம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லத் தெரிந்த பையன்தான் அந்தச் சுவரைக் கட்டுவான். முதல் செமஸ்டரில் ஹேக்கிங் படித்தவனுக்குச் சுவர் எங்கே இருக்க வேண்டும் என்றே தெரியாது, எதை ஏறிக் குதிப்பான்?

2017-ல் உலகம் முழுக்கப் பரவிய வான்னாக்ரை ரான்சம்வேர் கதையும் இதே கதைதான். அது நுழைந்த ஓட்டையை அடைக்கிற பேட்ச்சை (சாஃப்ட்வேர் ஒட்டு) மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்றே கொடுத்துவிட்டது. வான்னாக்ரை வந்தது மே 12. நடுவில் 59 நாள். அந்த 59 நாளும் உலகம் முழுக்க என்ன நடந்திருக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். "மாசக் கடைசி, இப்போ சர்வர்ல கைய வைக்காதீங்க மேடம்." "ஆடிட் நடக்குது, அடுத்த வாரம் பாத்துக்கலாம்." இந்த வாக்கியங்களைச் சமாளிக்கக் கற்றுக்கொடுக்கிற பேப்பர் எந்தப் பட்டப்படிப்பிலாவது இருந்தால் சொல்லுங்கள், நானே போய்ச் சேர்ந்துகொள்கிறேன்.

இனி என் வண்டவாளம்.

2013. கோவையில் உட்கார்ந்துகொண்டு பொள்ளாச்சி கிளையில் இருக்கிற ஸ்விட்சுக்குள் போய், புதுசாக வாங்கிய கேமராக்களுக்காக 30-ம் எண் தெருவை, அதாவது விலேன் 30-ஐ, சேர்க்க வேண்டும். இரவு பத்தரை மணி. இரண்டு நிமிட வேலை. "ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் அலவ்டு விலேன் ஆட் 30" என்று அடிக்க வேண்டிய இடத்தில், "ஆட்" என்ற மூன்றெழுத்தை விட்டுவிட்டு அடித்தேன். தொழிலில் இருக்கிறவர்கள் இந்த இடத்தில் தலையில் கைவைத்திருப்பார்கள். மற்றவர்களுக்காக: "ஆட்" போட்டால் ஏற்கெனவே இருப்பதோடு 30-ஐயும் விடு என்று அர்த்தம். போடாவிட்டால் 30-ஐ மட்டும் விடு, மற்ற எல்லாவற்றையும் நிறுத்து என்று அர்த்தம். நான் உள்ளே போன பாதையும் அந்த "மற்ற எல்லாவற்றிலும்" ஒன்று. ஏறிய கிளையை வெட்டியாகிவிட்டது. கர்சர் அப்படியே உறைந்து நிற்கிறது. இரண்டு தடவை என்டர் தட்டினேன். தட்டினால் வருமா என்ன?

குடோனில் நாலு லாரி லோடு ஏற்றி, இன்வாய்ஸ் வராமல் நிற்கிறது. செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, ஸ்விட்சை ஆஃப் பண்ணி ஆன் பண்ண வேண்டும். மாற்றிய கன்ஃபிக்கை (ஸ்விட்சின் அமைப்பை) நான் இன்னும் சேவ் பண்ணவில்லை, அதனால் பழையபடி எழுந்துகொள்ளும். வாட்ச்மேனைக் கூப்பிட்டால், "ரூம் பூட்டியிருக்குதுங் மேடம், சாவி மேனேஜர்கிட்ட." மேனேஜர் போனை எடுக்கவில்லை. ஆபீஸ் வண்டியைக் கிளப்பிக்கொண்டு நாற்பது கிலோமீட்டர் போய், மேனேஜர் வீட்டுக் கதவைத் தட்டி, அவர் லுங்கியோடு வந்து ரூமைத் திறந்துவிட, நான் ஸ்விட்சின் பவர் கார்டைப் பிடுங்கி, பத்து எண்ணி, திரும்பக் குத்தினேன். விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு வந்தன. மேனேஜர் கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டார்: "ஆஃப் பண்ணி ஆன் பண்றதுக்கா கோயமுத்தூர்ல இருந்து வந்தீங்க?"

வேலையைத் தொடுவதற்கு முன் "ரீலோட் இன் 10" என்று ஒரு வரி அடித்துவிட்டு ஆரம்பித்திருந்தால், தப்பு நடந்தாலும் பத்து நிமிடத்தில் அந்த ஸ்விட்ச் தானே ரீஸ்டார்ட் ஆகி பழைய நிலைக்கு வந்திருக்கும். எல்லாம் சரியாக முடிந்தால் அதைக் கேன்சல் பண்ணிக்கொள்ளலாம். எனக்கு எந்த வாத்தியாரும் இதைச் சொல்லித்தரவில்லை. பொள்ளாச்சி ரோடுதான் சொல்லித்தந்தது.

என்னை மட்டும் சிரிக்காதீர்கள். நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கிற இதே முகநூல் 2021 அக்டோபர் 4 அன்று ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகம் முழுக்கக் காணாமல் போனது, வாட்ஸ்அப்பையும் இன்ஸ்டாகிராமையும் இழுத்துக்கொண்டு. முக்காட்டுக்காரன் யாரும் வரவில்லை. வழக்கமான பராமரிப்பு வேலையில் கொடுத்த ஒரு கட்டளை அவர்களுடைய டேட்டா சென்டர்களை இணைக்கிற முதுகெலும்பையே துண்டித்தது. தப்பான கட்டளையைத் தடுத்திருக்க வேண்டிய சாஃப்ட்வேரில் ஒரு பக். தளத்தின் பெயரை முகவரியாக மாற்றிச் சொல்கிற டிஎன்எஸ் சர்வர்கள், தங்களுக்கு வரும் பாதை இதுதான் என்று இணையத்துக்குச் சொல்கிற பிஜிபி அறிவிப்பைத் தாங்களே திரும்பப் பெற்றுக்கொண்டன. ஆள் அனுப்பிச் சரிசெய்யலாம் என்றால், அந்தக் கட்டடங்களின் பாதுகாப்பு ஏற்பாடுகளைத் தாண்டி உள்ளே போவதற்கே நேரம் பிடித்தது. படித்தபோது எனக்கு அந்த லுங்கி மேனேஜர்தான் ஞாபகத்துக்கு வந்தார்.

சாவி என்றதும் என் காலேஜ். 2005-ல் சேர்ந்தேன், பெயர் வேண்டாம். நெட்வொர்க் லேபில் இரண்டு ஸ்விட்ச், ஒரு ரவுட்டர், கண்ணாடி பீரோவுக்குள். மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்கவில்லை. சாவி எச்.ஓ.டி.யிடம். இன்ஸ்பெக்‌ஷன் வந்தால் பீரோ திறக்கும், போனதும் மூடும். நாங்கள் அறுபது பேரும் ரெக்கார்டு நோட்டில் ஸ்கேல் வைத்து ஸ்விட்ச் படம் வரைந்தோம். க்ரிம்பிங்குக்கு, அதாவது கேபிள் நுனியில் ப்ளக்கை அழுத்தி மாட்டுவதற்கு, ஒயர் நிற வரிசையை வைவாவில் ஒப்பித்தோம்: ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீல-வெள்ளை, பச்சை, பழுப்பு-வெள்ளை, பழுப்பு. க்ரிம்பிங் டூலைக் கையில் பிடித்தது முதல் வேலையில், சம்பளம் 6,500 ரூபாய். முதல் நாள் நான் போட்ட ஒன்பது கேபிளில் ஆறு டெஸ்டரில் பல்லிளித்தன.

இப்போது நிலைமை பரவாயில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டரிலேயே போலி நெட்வொர்க் கட்டிப் பழகுகிற பேக்கெட் ட்ரேசர் இலவசம். நெட்வொர்க்கில் ஓடுகிற தரவைப் பிடித்துக் காட்டுகிற வயர்ஷார்க் இலவசம். 8 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப் ஒன்றிருந்தால் வீட்டிலேயே நாலு லினக்ஸ் மிஷின் ஓட்டி அவற்றுக்கு நடுவில் ஃபயர்வால் (எதை உள்ளே விடலாம் என்று பார்க்கிற காவல்) வைத்து விளையாடலாம். பழைய ஸ்விட்ச் வேண்டும் என்றால் சென்னை ரிச்சி தெருவில் ஒருநாள் அலைந்தால் கிடைத்துவிடும். ஆனால் தெருவோரத்து வைஃபையில் விளையாடாதீர்கள் தம்பிகளா. அனுமதியில்லாமல் இன்னொருவர் சிஸ்டத்துக்குள் போனால் ஐ.டி. சட்டம் 43-வது பிரிவு நஷ்டஈடு கேட்கும். கெட்ட எண்ணத்தோடு செய்ததாக நிரூபித்தால் 66-வது பிரிவில் மூன்று வருடம் வரை ஜெயில், அல்லது ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

"அப்புறம் எதுக்கு டிகிரி? சிசிஎன்ஏ எழுதினாப் போதாதா?" என்று கமெண்டில் கேட்பீர்கள். சிசிஎன்ஏ என்பது சிஸ்கோ கம்பெனி நடத்துகிற நெட்வொர்க் சான்றிதழ்ப் பரீட்சை. எழுதுங்கள், தப்பேயில்லை. பரீட்சைக் கட்டணம் 300 டாலர், சான்றிதழுக்கு ஆயுசு மூன்று வருடம். எச்.ஆர். ஃபில்டரில் டிகிரி இல்லாத ரெஸ்யூம் என் மேசை வரைக்கும் வருவதேயில்லை, அது ஒரு காரணம். எனக்கு முக்கியமான காரணம் வேறு: அவசரமில்லாத மூன்று வருடம் திரும்பக் கிடைக்காது. ஆபரேட்டிங் சிஸ்டம் எப்படி மூச்சுவிடுகிறது என்று உட்கார்ந்து பார்க்க வேலைக்குப் போனபிறகு எவனும் விடமாட்டான். நடந்ததை நடந்தபடி எழுதவும் அங்கேதான் பழக வேண்டும். சிரிக்காதீர்கள், 2022 ஏப்ரலில் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி ஒரு தாக்குதல் தெரியவந்தால் ஆறு மணி நேரத்துக்குள் ரிப்போர்ட் பண்ண வேண்டும், மிஷின்கள் எழுதிவைக்கிற நடப்புக் குறிப்பான லாக் எல்லாம் 180 நாள் வைத்திருக்க வேண்டும், எல்லா மிஷின் கடிகாரமும் ஒரே நேரம் காட்ட வேண்டும். ஒருமுறை ஒரு இடத்தில் ஃபயர்வாலுக்கும் சிசிடிவி ரெக்கார்டருக்கும் பதினோரு நிமிட வித்தியாசம். அந்தப் பதினோரு நிமிடத்தால், ரூமுக்கே வராத ஒரு பையனை இரண்டு நாள் சந்தேகப்பட்டோம். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். இன்றுவரைக்கும் எந்த மிஷினைத் தொட்டாலும் முதலில் மணி பார்க்கிறேன்.

பெண்பிள்ளை வைத்திருக்கிறவர்கள் நைட் ஷிஃப்ட் பற்றிக் கேட்கிறீர்கள். ஆமாம், இருக்கும். முதல் இரண்டு மூன்று வருடம் அலாரம் பார்க்கிற வேலைதான், அது ராத்திரியிலும் அடிக்கும். போக்குவரத்து வண்டி தருகிற கம்பெனியா என்று கேட்டுச் சேர்த்துவிடுங்கள். ராத்திரி வேலையைவிட எனக்கு எரிச்சல் தருவது, ஸ்விட்சுகளை அடுக்கிவைக்கிற ரேக் முன்னால் நான் நிற்கும்போதே "சார் இல்லைங்களா?" என்று கேட்கிற வெண்டர்கள்தான். குறைந்திருக்கிறது, போகவில்லை.

சித்தப்பாவுக்கு நான் சொன்னது ஒன்றுதான். "ஃபீஸ் கட்றதுக்கு முன்னாடி தம்பிய நெட்வொர்க் லேபுக்குள்ள போய்ப் பார்க்கச் சொல்லுங்க. சாவி யார்கிட்ட இருக்குன்னு கேக்கச் சொல்லுங்க."

முக்காட்டு ஃப்ளெக்ஸ் காலேஜில் சாவி எச்.ஓ.டி.யிடம் இருந்ததாம், அவர் லீவாம். இருபது வருடத்தில் எச்.ஓ.டி.க்கள் மாறவில்லை. அடுத்து ஒரு சின்னக் காலேஜுக்குப் போயிருக்கிறான். நேற்று மத்தியானம் அங்கிருந்து ஒரு போட்டோ வந்தது. திறந்த ரேக், கீழே வெளிர்நீலத்தில் ஒரு தட்டைக் கன்சோல் கேபிள் (லேப்டாப்பை நேராக ஸ்விட்சில் குத்துகிற ஒயர்), நுனியில் க்ளிப் உடைந்துபோய் இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. "அக்கா, இங்க லேப் தொறந்தேதான் இருக்கு. ஆனா கேபிள்லாம் இப்படி இருக்கு, பரவால்லீங்களா?"

அந்த க்ளிப் உடைய எத்தனை பிள்ளைகள் அதைக் குத்திப் பிடுங்கியிருக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டே பதில் அடித்தேன்: "அப்ளிகேஷன் வாங்கிட்டு வாடா."