பிரேக் மாத்துனா வண்டியைக் கொன்னதா அர்த்தமா?

ஞாயித்துக்கிழமை பழைய கார் கண்காட்சியில நடந்தது இங்க பலருக்கும் தெரியும், தெரியாதவங்களுக்கு சுருக்கமா: என் பழைய காரோட பிரேக்கை நான் மாத்தியிருக்கேன். பானெட்டுக்குள்ள டூயல் சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டரை (ஒரு லைன் போனாலும் இன்னொரு லைன்ல பிரேக் பிடிக்கிற மாதிரி ரெண்டா பிரிச்ச பிரேக் பம்ப்) ஒருத்தர் பாத்துட்டு "வண்டியைக் கொன்னுட்டியேப்பா"ன்னு அத்தனை பேர் முன்னாடி சொன்னாரே, அந்த வார்த்தை இன்னும் ஆறல.

நான் மாத்துனது பிரேக். பிரேக் மட்டும்தான். பாடியில ஒரு ஓட்டை போடல, வெல்டிங் வைக்கல, கழட்டுன பிரேக் டிரம், பழைய சிலிண்டர் எல்லாம் துணி சுத்தி பத்திரமா இருக்கு, எப்ப வேணாலும் திரும்ப மாட்டிடலாம். பழைய வண்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பு ஃபீவாவோட டுரின் சாசனமே, மாத்துறதைத் திரும்பக் கழட்டுற மாதிரி செய்ங்க, எடுத்த பாகத்தை வண்டியோடவே வைங்கன்னுதான் சொல்லுது.

பழைய செட்டப்ல நாலு வீலுக்கும் ஒரே பிரேக் ஆயில் லைன். ஒரு வீல் சிலிண்டர்ல சீல் போனா மொத்த பிரேக்கும் போச்சு. எனக்கு மலை இறக்கத்துல போச்சு. பெடல் அப்படியே தரையில போய் ஒட்டிக்கிச்சு, பின்சீட்ல அம்மா, பக்கத்துல என் பொண்ணு, கியரைக் குறைச்சு ஹேண்ட் பிரேக்கை இழுத்து மண்மேட்டுல ஏத்தித்தான் நிறுத்துனேன். பொண்ணு ரொம்ப நாள் அந்த வண்டில ஏறவே மாட்டேன்னுட்டா. நீங்க கேக்குற ஒரிஜினல் இதுதாங்க.

மெதுவா ஓட்டுன்னு சொல்வீங்க. மெதுவாத்தான் ஓட்டுறேன், முன்னாடி போற புது வண்டி ஏபிஎஸ் பிரேக்கோட சடார்னு நிக்குதே? அப்போ இன்ஜினையும் மாத்துவியான்னா, மாட்டேன். கார்புரேட்டர், டேஷ்போர்டு, அந்த கியர்பாக்ஸ் சத்தம் எதையும் தொடல, வண்டியோட குணமே அதுலதான் இருக்கு. ஆளாளுக்கு மாத்துனா அசல் எப்படி இருந்துச்சுன்னே தெரியாமப் போயிடும்னு ஒரு நண்பர் சொன்னாரு. நியாயமான பயம். ஒண்ணு ரெண்டுதான் மிச்சம்னா நானும் கை வைக்க மாட்டேன், ஆனா என்னோடது அப்படிப்பட்ட வண்டி இல்ல.

எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தாங்காதுன்னு ரப்பர் ஹோஸை மாத்துறோம், பழைய மாதிரி டயருக்குப் பதிலா இப்ப வர்ற ரேடியல் டயர் போடுறோம், யாரும் வாய் திறக்கல. மூணு முனை சீட் பெல்ட்டே 1959ல தான் வோல்வோ கொண்டுவந்துச்சு, அதுக்கு முந்தின வண்டில பெல்ட் போட்டாலும் கொலையா? உயிரைக் காப்பாத்துற பிரேக்னா மட்டும் ஏன் இவ்வளவு கோவம்?

எனக்கு நிஜமா வலிக்கிறது வேற. அன்னைக்கு ஒரு காலேஜ் பையன், வீட்ல தாத்தா கார் துரு புடிச்சு நிக்குது, எங்கண்ணே ஆரம்பிக்கிறதுன்னு ஆசையா கேட்டுட்டு இருந்தான். வண்டியைக் கொன்னுட்டேன்னு அவர் சத்தம் போட்டதும் பையன் நழுவிட்டான். இப்படி விரட்டுனா நாளைக்கு இந்த வண்டிங்களை யாரு வச்சுப்பா?

தம்பி, இதைப் படிச்சா இன்பாக்ஸ்ல வா. முதல்ல பிரேக்கைப் பாப்போம், பெயின்ட் அப்புறம்.