அந்த அம்மாவுக்குத் தலைக்கனம் இல்லை

பட்டு நெசவு செய்யும் ஓர் அம்மாவுக்குப் பொன்னாடை போர்த்திய ஞாயிற்றுக்கிழமை விழாவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்றிரவு அவர் அங்கே பேசிய காணொளியின் கீழே ஒருவர், "நெசவு தெரிந்தால் போதுமா, அடக்கம் தெரிய வேண்டாமா?" என்று எழுதியிருந்தார். அதற்குக் குவிந்த விருப்பக்குறிகளைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

அந்த அம்மா அப்படி என்ன சொல்லிவிட்டார்? "கோர்வையில் என் கைக்கு இணையான கை எங்கள் தெருவில் இல்லை." வாழ்நாளெல்லாம் குழித்தறியில், குழிக்குள் காலை விட்டு நெய்யும் தறியில், உட்கார்ந்தவர் சொன்ன ஒரு வாக்கியம். காஞ்சிபுரம் கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ஊடை என்னும் குறுக்கு நூலைக் கொண்டுபோகும் மூன்று நாடாக்கள் ஓடும். ஒவ்வொரு முறையும் உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு திரும்ப வேண்டும். ஓரிடத்தில் பிடி தளர்ந்தாலும் சேர்மானம் பல்லிளித்துவிடும். அந்தப் பிடி தளராத கையை வைத்திருப்பவர் அதைச் சொன்னால் தலைக்கனமா?

தன் வேலையின் தரத்தை உள்ளபடி சொல்வது செருக்கு ஆகாது. அடுத்தவரைச் சிறியவராக்கி, அவர் தலைமேல் ஏறி நின்றுகொள்வதுதான் செருக்கு. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளில், ஒன்றாகப் பெருமிதத்தை வைத்து, அது பிறக்கும் நான்கு இடங்களில் கல்வியை முதலில் சொல்கிறது. கைத்தொழில் கல்வி இல்லையா? வள்ளுவர் செருக்கும் சினமும் இல்லாதவரின் உயர்வைப் பெருமிதம் உடையது என்று 431ஆம் குறளில் பாராட்டுகிறார். 979இல் அதே சொல்லைச் சிறியவர்களின் குணமாகக் கண்டிக்கிறார். ஒரே சொல்லுக்கு இரண்டு முகம் இருப்பதை அவர் அறிந்திருந்தார். நாம்தான் எல்லாவற்றையும் 'திமிர்' என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம்.

"அடக்கம் அமரருள் உய்க்கும்" என்று எனக்கே பாடம் எடுப்பீர்கள். உய்க்கட்டும். அதற்கு நான்கு குறள் தள்ளி, பணிவு எல்லோருக்கும் நல்லது, அதிலும் செல்வர்க்கே அது இன்னொரு செல்வம் என்றும் வள்ளுவரே சொல்லியிருக்கிறார். அதே மேடையில் சிறப்பு விருந்தினர் முக்கால் மணி நேரம் தன்னைப் பற்றி மட்டுமே பேசினார். "இவர்களையெல்லாம் நாம்தான் தூக்கிவிட வேண்டும்" என்றார். அவரை ஒருவர்கூடத் தலைக்கனம் பிடித்தவர் என்று சொல்லவில்லை. கோட்டு போட்டவர் பேசினால் தன்னம்பிக்கை, தறியில் இருப்பவர் பேசினால் திமிர்.

"இணையில்லை என்பது கொஞ்சம் அதிகம்தானே?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். இருக்கலாம். எனக்கு அது பொருட்டாகப் படவில்லை.

எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். அப்பா நெய்யும்போது கரைப்பக்கம் உட்கார்ந்து நாடா எறிந்தவர் அம்மா. சேலையை வாங்கிப் பார்த்த முதலாளி, "உன் கை நல்ல கையப்பா" என்று அப்பாவிடம் சொல்வார். ஒரு நாள் அம்மா, "கோர்வையில் பாதி என்னுடையது" என்றார். பன்னிரண்டு வயதில் நான்தான், "ஏன் அம்மா உன் பெருமையை நீயே பேசுகிறாய்?" என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அம்மா பிறகு அதைச் சொல்லவே இல்லை. போய்ச் சேரும்வரை சொல்லவில்லை.

காணொளியைக் கடைசிவரை பாருங்கள். பொன்னாடையோடு இறங்கும் முன் அந்த அம்மா மீண்டும் மைக்கைப் பிடித்து, "எனக்குக் கரை நாடா எறிவது என் மருமகள், அதோ இருக்கிறாள்" என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். அந்தப் பெண் எழுந்து நிற்கிறாள். என் அம்மாவின் பெயரை எந்த மேடையிலும் யாரும் சொன்னதில்லை.