எல்லாம் அடக்கம், அண்ணாச்சி!

மே மாதப் பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை, தென்காசி என்று எங்கு திரும்பினாலும் நீலக்கடல் மின்னும் பதாகைகள் முளைத்துவிடுகின்றன. தாய்லாந்தின் புக்கெட் தீவில் தங்குமிடம், அங்கிருந்து பீ பீ தீவுகளுக்கு நாள் முழுவதும் படகுப் பயணம், மதியச் சாப்பாடு, யாவும் ஒரே கட்டணத்தில். “ஒண்ணுக்கும் கவலப்படாதீய அண்ணாச்சி, எல்லாம் இதுல அடக்கம்” என்று சொல்லி முன்பணத்தை வாங்கி மேசைக்குள் போட்டுக்கொள்ளும் முகவர்கள், அந்த ஒரு நாள் உண்மையில் எப்படிக் கழியும் என்பதை மட்டும் ஏன் வாய்தவறிக்கூடச் சொல்வதில்லை?

புக்கெட் தாய்லாந்தின் மேற்குக் கரையில், அந்தமான் கடலைப் பார்த்தபடி இருக்கிறது. கேரளத்தில் ஜூன் 1-ஐ ஒட்டித் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை, அந்தமான் கடலை மே மாதத்திலேயே எட்டிவிடும். குற்றாலத்தில் சாரல் எப்போது விழும், ஐந்தருவியில் எப்போது தண்ணீர் கொட்டும் என்பதையெல்லாம் விரல்நுனியில் வைத்துக்கொண்டு வேன் பிடித்துக் கொடுக்கிற அதே முகவருக்கு, நமக்குச் சாரலைக் கொண்டுவரும் காற்றுதான் அங்கே கடலைக் கொந்தளிக்க வைக்கிறது என்பது தெரியாதா? நன்றாகவே தெரியும். அந்த மாதங்களில் அங்கே விடுதி வாடகை இறங்கிவிடும் என்பதும் தெரியும். அதே நாட்டின் கிழக்குப் பக்கம், தாய்லாந்து வளைகுடாவில் இருக்கும் கோ சமுய் தீவில் அடைமழை பெரும்பாலும் அக்டோபருக்குப் பிறகுதான் வரும். கோடை விடுமுறையில் போகிறவர்களை அங்கே அனுப்பலாம். ஆனால் பதாகை புக்கெட்டுக்கு அல்லவா அடித்தாகிவிட்டது!

அடுத்தது படகு. பீ பீ தீவுகளுக்கு மெதுவாகச் செல்லும் பெரிய படகுகளும் உண்டு, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் பாய்ந்து செல்லும் ஸ்பீடு போட்டுகளும் உண்டு. இப்படியொரு பதாகையை நம்பிப் போன எங்களிடம் எது வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஸ்பீடு போட்டில் ஏற்றிவிட்டார்கள். அலை எழும் நாளில் அது முன்பகுதியில் உட்கார்ந்தவர்களை உரலில் இட்ட நெல்லாக்கி இடிக்கிறது. கர்ப்பிணிகளும் முதுகுவலிக்காரர்களும் ஏற வேண்டாம் என்று அங்குள்ள படகு நிறுவனங்களே எச்சரிப்பதுண்டு; அந்த எச்சரிக்கை திருநெல்வேலிக்கு வந்து சேருவதற்குள் எங்கேயோ கடலில் விழுந்துவிடுகிறது. எங்களோடு வந்த அத்தை எழுபதைத் தாண்டியவர், மூட்டுவலியும் சர்க்கரை நோயும் உள்ளவர். படகில் கழிப்பறை இல்லை என்பது படகுத்துறையில்தான் அவருக்குத் தெரிந்தது. தெரிந்த நொடியிலிருந்து, அந்த வெக்கையில், சாப்பாட்டுக்கு இறக்கிவிடும்வரை ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்க மறுத்துவிட்டார். வயதான பெண்மணி ஒருவர் கூச்சத்துக்கு அஞ்சித் தொண்டை காய்ந்து கிடப்பதற்குப் பெயர் உல்லாசப் பயணமா? முன்பதிவின்போது அவருடைய வயதைக் கடவுச்சீட்டில் பார்த்து எழுதிக்கொண்டவர்களுக்கு, கழிப்பறையுள்ள பெரிய படகில் இடம் போட வேண்டும் என்று தோன்றாமல் போனது எப்படி?

பீ பீ தீவுகளில் உள்ள மாயா விரிகுடாவுக்கு வருவோம். கூட்டம் தாங்காமல் பவளப்பாறைகள் சிதைந்ததால் தாய்லாந்து அரசு அதை 2018 ஜூனில் மூடி, 2022 ஜனவரியில்தான் மீண்டும் திறந்தது. இப்போது படகுகள் விரிகுடாவுக்குள் நுழையக்கூடாது. தீவின் பின்பக்கம் இறங்கி நடந்து வர வேண்டும். நீந்தத் தடை இருக்கிறது. ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் பார்வையாளர்களையே விடுவதில்லை. இவை யாவும் நியாயமான விதிகள், எனக்கு அவற்றின்மேல் துளியும் கோபம் இல்லை. பதாகையில் அதே விரிகுடாவின் நடுவில் ஒரு குடும்பம் நீந்திக் களிப்பதுபோல் படம் அச்சிட்டு வைத்திருக்கிறாரே முகவர், அவர்மேல்தான் கோபம். நீச்சலுக்கென்றே புதுத்துணி வாங்கி வந்த பிள்ளைகள் முழங்காலளவுத் தண்ணீரில் நின்று அடுத்து எங்கே குளிக்கலாம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அங்கேயே உள்ள வைக்கிங் குகையையும் படகிலிருந்தபடியே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். உழவாரக் குருவிகளின் கூடுகளை அங்கே சேகரிப்பதால் உள்ளே விடமாட்டார்கள்.

‘அடக்கம்’ என்று சொல்லப்பட்டதில் தேசியப் பூங்காக் கட்டணம் அடங்காது என்பதையும் படகுத்துறையில்தான் சொன்னார்கள். வெளிநாட்டவரில் பெரியவருக்கு 400 பாட் (தாய்லாந்து நாணயம்), சிறுவருக்கு 200 பாட், அதையும் ரொக்கமாகக் கொடுக்க வேண்டும். காலில் மாட்டும் துடுப்புக்குத் தனி வாடகை. ஏறும்போது கேட்காமலே எடுத்த புகைப்படத்தைத் திரும்பி வரும்போது சட்டம் போட்டு நீட்டி அதற்கும் விலை சொல்கிறார்கள். சைவம் என்று பரிமாறப்பட்ட சோற்றில் மீன் சாறு சேர்ந்திருக்கிறதா என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. அத்தை வாழைப்பழத்தோடு நிறுத்திக்கொண்டார்.

ஊர் திரும்பியதும் முகவரின் அலுவலகத்துக்கே போய்க் கேட்டேன். “கடல் சரியில்லாததுக்கு நாங்க என்ன அண்ணாச்சி செய்ய முடியும்?” என்றார். கடலை யார் குறை சொன்னார்கள்? எந்த வகைப் படகு, அதில் கழிப்பறை உண்டா, பூங்காக் கட்டணம் சேர்ந்ததா, கொந்தளிப்பால் பயணம் நின்றுபோனால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பவற்றை இனி வருகிறவர்களுக்காவது ரசீதிலேயே எழுதிக் கொடுங்கள் என்றேன். அப்படி எழுதிக் கொடுக்கும் வழக்கமில்லை என்று சொல்லிவிட்டு, பக்கத்து நாற்காலியில் குழந்தையோடு காத்திருந்த தம்பதியரிடம், ஜூன் முதல் வாரத்தில் சில இடங்கள் மலிவாகக் கிடைக்கும் என்று சொல்லத் தொடங்கினார்.