கடைசி கரண்டுக்குப் பிறகு வரும் வாரங்கள்

தாராவியில் எங்கள் பகுதியிலிருந்து வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுக்கப் போகும் குடும்பங்கள் முதலில் கேட்பது, "எத்தனை நாள் கரண்ட் வைப்பார்கள்?" என்பதுதான். கதிர்வீச்சைத்தான் எங்கள் பக்கம் கரண்ட் என்பார்கள். கூலி போகிறது, ஊரிலிருந்து வந்தவர்களுக்குத் தங்க இடமில்லை என்பதால் அந்தக் கேள்வியில் தவறே இல்லை. ஆனால் நாள் குறைந்தால் வேதனையும் குறையும் என்று நம்புவது தவறு. அந்த நம்பிக்கையில்தான் என் சித்தப்பாவை அவசரப்பட்டு ரயிலேற்றினேன்.

வழக்கமான முறையில் வாரத்துக்கு 5 நாள், நாளுக்கு 2 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) வீதம், 7 வாரங்களில் 70 கிரே கொடுக்கிறார்கள். அதே 2 கிரேயை வாரத்துக்கு 6 முறை கொடுத்து, ஏறக்குறைய ஒரு வாரம் முன்னதாக முடிப்பது இன்னொரு முறை. இவ்விரண்டையும் ஒப்பிட்டு 2003-இல் வெளியான டென்மார்க் ஆய்வில், கட்டி அடங்கியிருந்தோர் 60 சதவீதத்திலிருந்து 70 சதவீதமாக உயர்ந்தனர். வாய்க்குள் படர்ந்து பரவும் புண் வந்தவர்களோ 33 சதவீதத்திலிருந்து 53 சதவீதமாகக் கூடினர். புற்றுச் செல்கள் மறுபடி பெருக இடைவெளி கொடுக்காத அந்த வேகம், வாயின் மெல்லிய உட்சவ்வு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளவும் இடைவெளி கொடுப்பதில்லை. பெரும்பாலும் அந்தப் புண் ஆறிவிடும் என்பதால், உடல் தாங்குமென்றால் அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றே நான் நினைக்கிறேன்.

சித்தப்பாவுக்குக் கொடுத்தது மூன்றாவது வகை: 4 வாரங்களில் 20 முறை, மொத்தம் 55 கிரே. ஒரு வேளைக்கான அளவு கூடினால் கழுத்து இறுகுவது, வாய் திறக்க முடியாமல் போவது, தாடை எலும்பு செத்துப்போவது போன்ற, மாதங்கள் கழித்து வரும் பாதிப்புகளுக்கான வாய்ப்பும் கூடும் என்பதால்தான் மொத்த அளவைக் குறைக்கிறார்கள். கடைசி நாளன்று அவர் கஞ்சி குடித்தார், பேசினார். இரண்டு வாரம் மும்பையிலேயே இருக்கச் சொன்னார் மருத்துவர், கேட்காதவர்கள் நாங்கள். மூன்றாம் நாள் நாகர்கோவில் வண்டியில் ஏற்றினோம். சோலாப்பூர் தாண்டியபோது அவரால் எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை. கதிர்வீச்சு நின்ற பிறகும் புண் வளர்ந்துகொண்டே போகும் என்பதும், குறுகிய முறையில் அதன் உச்சம் பெரும்பாலும் சிகிச்சை முடிந்த பின்னரே வரும் என்பதும் அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை. வலிக்கு மருந்தில்லை, மூக்கில் குழாய் போட ஆளில்லை; திருநெல்வேலி போய்ச் சேரும்வரை என் சித்தி ஈரத்துணியால் அவர் உதட்டை நனைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

இப்போது யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான். கரண்ட் தொடங்குமுன்பே சொத்தைப் பற்களைப் பிடுங்கி, அந்தக் காயம் ஆற விடுங்கள். பின்னாளில் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகக்கூடும். எத்தனை நாள் என்று கேட்கும்போதே, புண் எந்த வாரத்தில் உச்சத்துக்கு வரும், அப்போது யாரைப் போய்ப் பார்ப்பது என்றும் கேளுங்கள். நோயாளி மறுபடி விழுங்கத் தொடங்கும்வரை ஊருக்கு டிக்கெட் எடுக்காதீர்கள்.