குணம் இருந்தால் போதுமா, அதற்கு இடம் வேண்டாமா?

எங்கள் சேலம் பக்கம் வரன் பார்க்கும்போது வேலை, சொத்து, ஜாதகம் எல்லாவற்றையும் துருவித் துருவி விசாரித்துவிட்டு, குணத்தை மட்டும் ‘தங்கமான பையன்’, ‘அடக்கமான பொண்ணு’ என்று முடித்துக்கொள்கிறோம். உளவியலாளர்கள் கிறிஸ்டோபர் பீட்டர்சனும் மார்ட்டின் செலிக்மனும் 2004இல் மனிதரின் நற்குணங்களை விடாமுயற்சி, நேர்மை, நகைச்சுவை என 24ஆக வகுத்தார்கள். அடக்கமும் அந்த 24இல் ஒன்றுதான்.

ஆனாலும், எந்தக் குணம் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, அது வீட்டுக்குள் புழங்க இடம் கிடைக்கிறதா என்பதே மணவாழ்வின் நிறைவைத் தீர்மானிக்கிறது என்று நினைக்கிறேன்.

அம்மாபேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு தறிக்காரக் குடும்பத்தில் அண்ணன் நெய்வார், அண்ணி ஊடைநூலைத் தாரில் சுற்றிக் கொடுப்பார். கணக்கில் அண்ணி புலி. கல்யாணமான புதிதில் கூலி நோட்டு மாமனார் கையில் இருந்ததால், அண்ணி எதைக் கேட்டாலும் ‘எதிர்த்துப் பேசுகிறாள்’ என்ற பெயர்தான் மிஞ்சியது. மாமனாருக்குக் கண் மங்கிய பிறகு நோட்டு அண்ணியிடம் வந்தது. முன்பணத்துக்காக முதலாளி ஒரே வாரத்தில் இரண்டு முறை பிடித்திருந்த தொகையை அவர் விரல் வைத்துக் காட்டிய நாள் முதல், “அவளைக் கேட்டுச் சொல்றேன்” என்பதே அண்ணனின் வாடிக்கையான பதில். அண்ணி அன்றும் கறார், இன்றும் கறார். வீட்டில் சிரிப்புச் சத்தம் மட்டும் கூடியிருக்கிறது.

துணையின் பலத்தை மதிப்பவர்கள் உறவில் கூடுதல் நிறைவையும், அதே பலத்தைத் தொல்லையாகப் பார்ப்பவர்கள் குறைந்த நிறைவையும் உணர்வதாக உளவியலாளர் டாட் காஷ்டன் குழுவினரின் ஆய்வு காட்டியது. எது காரணம், எது விளைவு என்று இதை வைத்து அறுதியிட முடியாது; மனம் கசந்தவர்களுக்கு எந்தக் குணமும் குற்றமாகத்தானே தெரியும்!

எனக்கு உறுத்துவது பொறுமை என்ற குணம்தான், ஏனென்றால் அதைப் பெண்களிடம் மட்டும்தான் கேட்கிறோம். புதுமணத் தம்பதியரைத் தொடர்ந்து கவனித்து உளவியலாளர் ஜேம்ஸ் மெக்நல்டி 2008இல் வெளியிட்ட ஆய்வின்படி, எப்போதாவது கடுமை காட்டும் துணையை மன்னிப்பது மணநிறைவைக் காத்தது. அடிக்கடி அப்படி நடக்கும் துணையை மன்னித்து வந்தவர்களுக்கோ நிறைவு நாளாக நாளாகச் சரிந்தது. குடித்துவிட்டு வந்து ஏசுபவனின் மனைவியிடம் “நீதாம்மா அனுசரிச்சுப் போகணும்” என்று சொல்லும் சொந்தபந்தங்கள், அவளுடைய பலத்தையே அவளுக்கு எதிராகத் திருப்புகிறார்கள். அடுத்த முறை பஞ்சாயத்துப் பேச உட்காரும் பெரியவர்கள் அவனை எதிரில் உட்கார வைத்து, இந்த மாதம் எத்தனை நாள் குடிக்காமல் வீடு திரும்பினாய் என்று முதலில் கேட்கட்டும்.