நாய்த் தோல் வறட்சிக்குப் பழைய ஆயிலா? வேண்டவே வேண்டாம்

"நாய்க்குத் தோல் வறண்டு செதில் உதிர்ந்தால் வண்டியின் பழைய ஆயிலைத் தடவுங்கள், மூன்றே நாளில் சரியாகும்" என்று திருநெல்வேலிப் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு, ஆபத்தும்கூட. நாய் உடம்பை நக்கும். ஆயில் உள்ளே போய் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். தோலும் வெந்துபோகும், பாவம்.

வெறும் மோர்ச்சோறே தின்னும் நாய்க்கு நல்ல கொழுப்பு போதாது. வறட்சிக்கு அதுவும் ஒரு காரணம். சாளை மீனை உப்பு, மசாலா, வெங்காயம் இல்லாமல் அவித்து, முள் எடுத்து, வாரம் இரண்டு முறை சோற்றில் பிசைந்து வையுங்கள். அதில் ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்பு உண்டு. மினுமினுப்பு தெரியச் சில வாரம் ஆகும். தினமும் சீவிவிட்டால் தோலின் சொந்த எண்ணெய் முடியெங்கும் பரவும். நம் சோப்பு வேண்டாம்.

அப்புறம், சொறிந்து சொறிந்து முடி கொட்டினால் அது சிரங்காக இருக்கலாம். திருநெல்வேலி ராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப் போங்கள்.